ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்

1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவு இது: இங்கிலாந்தில் கோயிலுக்கு ஒரு பதிவேடு வேண்டும், அந்த வாரத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் குருவானவர் அதில் எழுத வேண்டும். அதை வைக்க இரட்டைப் பூட்டுப் பெட்டி. ஒரு சாவி குருவானவரிடம், மற்றது கோயில் நிர்வாகிகளிடம். புது வரிக்கு அடிபோடுகிறார்கள் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 1783-இல் அதுவும் பலித்தது: பதிவுக்கு மூன்று பென்னி.

அப்போது பதிவேடு வேறொரு வழக்கில் சாட்சிக்கூண்டு ஏறியிருந்தது. 1688-க்குப் பிறகு ஜனத்தொகை தேய்ந்துவிட்டது என்றார் ரிச்சர்ட் பிரைஸ். அவர் நம்பியது வீட்டுவரி, சன்னல்வரிக் கணக்கை. ஜான் ஹௌலெட் என்ற குருவானவர் 1781-இல் பதிவேடுகளைக் காட்டி மறுத்தார். கேப்டன் குக்குடன் கடலோடிய வானியலாளர் வில்லியம் வேல்ஸும் அதே கட்சி. 1801-இல் முதல் கணக்கெடுப்பு வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் சேர்த்து சுமார் 89 லட்சம் பேர். அதை நடத்திய ஜான் ரிக்மன் 1700 முதலான பழைய பதிவுகளையும் குருமாரிடம் கேட்டு வாங்கினார். பிரைஸ் தோற்றார்.

ஜனத்தொகை கூடியது சரி, ஏன் கூடியது? மருத்துவம் முன்னேறிச் சாவு குறைந்தது என்றார் டால்பட் கிரிஃபித், 1926-இல். அன்றைய ஆஸ்பத்திரிகளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது என்று 1955-இல் மெக்கியூனும் பிரவுனும் மடக்கினார்கள். பிறப்பு கூடியதுதான் காரணம் என்று இன்னொரு கட்சி. பதிவேட்டை வைத்து வாதாடியவர்களும் உண்டு. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த சிசுவும் வேறு சபைக்காரர்களும் அதில் விடுபட்டிருந்ததால் தீர்ப்பு கிடைக்கவில்லை.

1964-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழு, 404 ஊர்ப் பதிவேடுகளைத் தன்னார்வலர்கள் எண்ணித் தந்த கணக்கோடு இறங்கியது. சில ஊர்களில் குடும்பம் குடும்பமாகப் பதிவுகளைக் கோத்தார்கள். ஒரு பெண்ணின் ஞானஸ்நானப் பதிவையும் கல்யாணப் பதிவையும் இணைத்தால், யாரும் எழுதி வைக்காத அவள் கல்யாண வயது தெரிந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 26 ஆக இருந்த அது, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் 23-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. மூன்று வருஷம் முந்தினால் ஏறக்குறைய ஒரு பிள்ளை கூடுதல்.

1981-இல் அந்தக் குழுவின் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் முடிவைச் சொன்னார்கள்: பெருக்கத்தில் சாவு குறைந்ததற்கும் பங்கு உண்டு, பிறப்பு கூடியதன் பங்கோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வைத்தியர்களுக்குப் போன பெரும் புகழ், சீக்கிரம் கல்யாணம் செய்துகொண்ட கூலிக்காரர்களுக்கும் வேலைக்காரப் பெண்களுக்கும் சேர வேண்டியது.