எந்தக் கிழமை அளந்தார்கள்?

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்றொரு மருத்துவர் இருந்தார். நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். முட்டையின் வெள்ளைக்கரு வேகிற மாதிரி அது வெளுத்துத் திரண்டால் சிறுநீரகத்தில் கோளாறு என்று அர்த்தம். 1820களில் அந்த நோய்க்கு இருந்த சோதனை கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1836ல் இப்படிப்பட்ட நூறு பேரின் உடற்கூறாய்வுக் குறிப்புகளை அவர் ஓர் அட்டவணையாக வெளியிட்டார். சிறுநீரகம் கெட்டிருந்தது எதிர்பார்த்த விஷயம். எதிர்பாராத விஷயம், பாதிக்கு மேற்பட்டவர்களின் இதயம் தடித்துப் பெருத்திருந்தது. அவர்களில் பலருக்கு வால்வில் ஒரு பழுதும் இல்லை.

கிட்னி கெட்டால் இதயம் ஏன் பெருக்க வேண்டும்? பிரைட் இரண்டு ஊகங்களை முன்வைத்தார். கெட்டுப்போன ரத்தம் இதயத்தை நேரடியாகத் தூண்டலாம். அல்லது அது நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பாதித்து, அவற்றின் வழியே ரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கலாம். கையில் பிரஷர் பார்க்கும் கருவிகூட இல்லாத காலத்தில் போட்ட ஊகம் இது. அதில் இரண்டாவது பெருமளவுக்குச் சரியாக இருந்தது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பு.

ஆனால் பிரைட் பார்த்ததெல்லாம் நின்றுபோன இதயங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தை எப்படி அளப்பது, முக்கியமாக எப்போது அளப்பது என்ற கேள்வி அவருக்குப் பிறகு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் நீண்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவரும் அதே மருத்துவமனைக்காரர். பெயர் ஃபிரெடரிக் அக்பர் முகமது. பாட்னாவிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு சுற்றி, பிறகு இங்கிலாந்து போய் பிரைட்டனில் குளியல் இல்லம் நடத்திப் புகழ்பெற்ற சேக் தீன் முகமதுவின் பேரன். 1870களில் இவர் மணிக்கட்டு நாடியின் மேல் ஒரு நெம்புகோலைப் பொருத்தி, அதன் துடிப்பைப் புகை படிந்த தாளில் கோடாக வரைய வைக்கும் கருவியைச் செம்மைப்படுத்தினார். அந்தக் கோட்டின் வடிவத்திலிருந்து தமனிக்குள் இருக்கும் அழுத்தத்தைப் படித்தார். சிறுநீரில் புரதம் தெரிவதற்கு முன்பே சிலருக்கு அழுத்தம் கூடியிருப்பதைக் கண்டார். அதாவது, கரண்டிச் சோதனை பிடிப்பதற்கு முன்பே நாடி சொல்லிவிட்டது! 1884ல் டைஃபாய்டு வந்து இறந்தபோது முகமதுவுக்கு வயது 35தான்.

இவர்கள் இருவர் காலத்திலும் கிட்னி முழுதாகப் போனால் ஆள் சில வாரங்களில் போய்விடுவார். நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் போர்க்காலத்தில் சாசேஜ் உறையை மரச்சட்ட உருளையில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தை ஓட்டிய பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் புதிதாக ஒரு தமனி, ஒரு சிரையை அறுக்க வேண்டும். குழாய்கள் சீக்கிரமே தீர்ந்துபோகும். 1960 மார்ச்சில் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் டெஃப்லானால் ஆன ஒரு குழாயைக் கையிலேயே நிரந்தரமாகப் பொருத்தினார். முதல் நோயாளி போயிங் தொழிற்சாலையின் மெஷினிஸ்ட், கிளைட் ஷீல்ட்ஸ். சாகக் கிடந்தவர் மேலும் 11 வருடம் வாழ்ந்தார். 1971ல் இறந்தார். காரணம் கிட்னி இல்லை, மாரடைப்பு.

ஷீல்ட்ஸின் கதை தனிக்கதை இல்லை. 1974ல் ஸ்கிரிப்னரின் குழு, நீண்ட நாள் டயாலிசிஸில் இருந்த 39 பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியது. இறந்தவர்களில் பாதிக்கு மேல் இதயம், ரத்தக் குழாய் சம்பந்தமான காரணங்களால் இறந்திருந்தார்கள். எந்திரம் கிட்னியின் வேலையை ஓரளவு எடுத்துக்கொண்டதால் ஆட்கள் பிழைத்தார்கள். பிழைத்ததால், இதயம் கெடுவதற்கு அவகாசம் கிடைத்தது. பிரைட்டின் பழைய கேள்வி அவசரக் கேள்வியாகத் திரும்பி வந்தது.

நல்லவேளையாக அதற்குள் உயிருள்ள இதயத்தைப் பார்க்க ஒரு வழி வந்திருந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் இதய மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் (அலைவெண் அலகுக்குப் பெயர் தந்த ஹெர்ட்ஸின் குடும்பத்துக்காரர்) சேர்ந்து 1953ல் எக்கோவைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் எடுத்தது உலோகத்துக்குள் விரிசல் தேடும் மீயொலிக் கருவி. மால்மோ கப்பல் தளத்தில் இரும்பைச் சோதிக்க வைத்திருந்ததை ஹெர்ட்ஸ் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். இரும்பில் விரிசல் தேடிய ஒலி, இதயச் சுவர் நகர்வதைக் காட்டியது.

1970களின் இறுதியில் எக்கோ அளவுகளிலிருந்து இதயத் தசையின் எடையைக் கணக்கிடும் சூத்திரம் வந்தது. சுவர் தடிமனையும் உள் விட்டத்தையும் கூட்டி மும்மடி எடுங்கள். அதிலிருந்து உள் விட்டத்தின் மும்மடியைக் கழியுங்கள். மிச்சம்தான் தசை. எளிமையானது, அழகானது. ஆனால் டயாலிசிஸ் நோயாளியிடம் இது ஒரு வேடிக்கை செய்யும்.

சிறுநீர் வராதவர் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இரண்டு, மூன்று லிட்டர் சேர்வது சாதாரணம். அந்த நீர் ரத்த ஓட்டத்தையும் நிரப்பி இதய அறையை விரிக்கும். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்சுவரும் பின்சுவரும் 1.2 செ.மீ., உள் விட்டம் 5.5 செ.மீ. என்றால் சூத்திரம் சொல்லும் எடை 272 கிராம். டயாலிசிஸ் முடிந்து நீர் வடிந்ததும் விட்டம் 5.0 ஆகிறது, சுவர் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடை 234 கிராம். நாலு மணி நேரத்தில் 38 கிராம் தசை எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. நாம் தசை என்று நினைத்து அளந்ததில் தண்ணீரும் இருந்தது.

இ.எஃப். என்று ரிப்போர்ட்டில் வருமே, ஒரு துடிப்பில் இடது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற எண், அதற்கும் இந்தத் தொல்லை உண்டு. அறை எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எதிரே பிரஷர் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். உடல் எடையை வைத்து இதயத்தின் அளவைச் சரிபார்க்கலாம் என்றால், எடையே தண்ணீரோடு ஏறி இறங்குகிறது. அதனால்தான் இத்தாலியின் ரெஜியோ கலாப்ரியாவில் கார்மினே ஸோக்காலியின் குழு, இவர்களுக்கு எடையை விட்டுவிட்டு உயரத்தை வைத்து இதயத்தின் அளவை ஒப்பிடுவது மேல் என்று காட்டியது. தண்ணீர் குடித்து யாரும் உயரமாவதில்லை.

இது போதாதென்று கையில் ஃபிஸ்டுலா வேறு. 1966ல் நியூயார்க்கின் பிராங்ஸில் பிரெஷியாவும் சிமினோவும் அறிமுகப்படுத்திய முறை. மணிக்கட்டருகே தமனியைச் சிரையோடு இணைத்துவிடுவார்கள். ஊசி போட வசதி. ஆனால் நிமிடத்துக்கு அரை லிட்டர், சிலருக்கு ஒரு லிட்டருக்கும் மேல், ரத்தம் அந்தக் குறுக்குவழியில் ஓடி இதயத்துக்கே திரும்பி வரும். இந்தச் சுமையை அறிய ஒரு பழைய சோதனை இருக்கிறது. தமனியும் சிரையும் இப்படி இணைந்த இடத்தை விரலால் அழுத்தி மூடினால் நாடி வேகம் குறையும். 1875ல் நிகோலதோனி என்ற ஆஸ்திரிய அறுவை மருத்துவர் கவனித்தது. எந்திரம் வேண்டாம், கட்டைவிரல் போதும்.

இவ்வளவையும் பார்த்துத்தான் அமெரிக்காவின் 2005 வழிகாட்டுதல்கள், டயாலிசிஸ் தொடங்கியவருக்கு எக்கோ எடுங்கள், ஆனால் உலர் எடையை எட்டிய பிறகு எடுங்கள் என்றன. உலர் எடை என்றால் உபரி நீரெல்லாம் வடிந்தபின் ஒருவருக்கு இருக்க வேண்டிய எடை. தொடங்கி ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு முறை, பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு முறை.

சரி, தண்ணீர் வடிந்த அமைதியான நாளில் எடுத்தால் உண்மை தெரிந்துவிடுமா? நான் வேலை செய்யும் துறையில் ஒரு பழக்கம் உண்டு. சர்வர் சும்மா இருக்கும் இரவு மூன்று மணிக்கு அளந்துவிட்டு எல்லாம் நலம் என்று எழுதமாட்டோம். பகல் சுமையில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் டெர்பியில் கிறிஸ்டோபர் மெக்கின்டயரின் குழு செய்ததும் அதைத்தான். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே எக்கோ எடுத்தார்கள். 2009ல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 70 பேரில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு, சிகிச்சையின் நடுவிலேயே இதயச் சுவரின் சில பகுதிகள் சரியாகச் சுருங்காமல் திகைத்து நின்றன. நீரை வேகமாக, அதிகமாக எடுத்தவர்களுக்கும் பிரஷர் விழுந்தவர்களுக்கும் இது அதிகம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அப்படித் திகைத்த இதயங்களின் வேலைத்திறன் குறைந்திருந்தது. இறப்பும் அவர்களிடையே கூடுதல். உயிரைக் காக்கும் அந்த நாலு மணி நேரம்தான் இதயத்தைத் தேய்க்கவும் செய்கிறது.

இடைவெளியும் தேய்க்கும். 2011ல் அமெரிக்காவின் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்து ராபர்ட் ஃபோலியும் சகாக்களும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். வாரம் மூன்று டயாலிசிஸ் என்றால் வாரக்கடைசியில் ஓர் இடைவெளி மட்டும் இரண்டு நாள் நீளும். அந்த நீண்ட இடைவெளி முடிந்த மறுநாளில் இறப்பும் இதயக் கோளாறுகளும் மற்ற நாட்களைவிட அதிகம். ஞாயிறு விடுமுறை என்பது காலண்டரின் வசதி. சிறுநீரகத்துக்கு ஞாயிறு கிடையாது. நம் ஊரில் பலருக்குச் செலவு கட்டாமல் வாரம் இரண்டு முறைதான். அவர்களுக்கு இடைவெளி இன்னும் நீளம்.

இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும் என்றால், என் பெரியப்பா வாரம் இரண்டு, செவ்வாயும் வெள்ளியும், டயாலிசிஸ் போனார். கிட்னி மாற்று சிகிச்சைக்கான சோதனைகளில் எக்கோவும் ஒன்று. இ.எஃப். 38 என்று வந்தது. "ஹார்ட் வீக்கா இருக்கு, ஆபரேஷன் தாங்காது" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அதோடு அந்தப் பேச்சே நின்றது. சில நாள் கழித்து டயாலிசிஸ் டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் அந்த ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது எந்தக் கிழமை எடுத்தது?" செவ்வாய் காலை. அதாவது நாலு நாள் தண்ணீரோடு, மூச்சு வாங்க வாங்க, டயாலிசிஸுக்கு முன்னால். உப்பைக் குறைத்து, ஆறு வாரத்தில் உலர் எடையை இரண்டு கிலோ இறக்கி, ஒரு சனிக்கிழமை மறுபடி எடுத்தோம். 49. அதே மனிதர், அதே இதயம்.

எல்லாருக்கும் இப்படி ஏறும் என்று சொல்லமாட்டேன். அடைப்பு இருந்து தசையே செத்திருந்தால் எந்தக் கிழமையும் உதவாது. ஆனால் குறைந்த எண்ணே இறுதித் தீர்ப்பு என்பதும் உடைந்துவிட்டது. 2005ல் பால்டிமோரின் மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள், இ.எஃப். 40 அல்லது அதற்கும் குறைவாக இருந்த 103 பேருக்கு கிட்னி மாற்றிய பின் என்ன ஆனது என்று எழுதினார்கள். ஒரு வருடத்தில் சராசரி சுமார் 32லிருந்து 52க்கு ஏறியது. ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு 50ஐத் தாண்டியது. இதயம் பலவீனம் என்று யாருக்கு மாற்று சிகிச்சையை மறுத்து வந்தார்களோ, அவர்களில் பலரின் இதயத்துக்கு மருந்தே அந்த மாற்று சிகிச்சைதான்!

அதனால் வீட்டில் யாராவது டயாலிசிஸில் இருந்தால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். எக்கோ ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: கடைசி டயாலிசிஸ் முடிந்து எத்தனை மணி நேரம், அன்றைய எடை, உலர் எடை. அடுத்த எக்கோவையும் அதே மாதிரி நாளில் கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் இரண்டு எண்களை ஒப்பிட முடியும். இ.எஃப். குறைவு என்று யாராவது கதவைச் சாத்தினால், உலர் எடைக்கு வந்தபின் ஒரு முறை பார்க்கலாமா டாக்டர் என்று கேட்பதில் தப்பில்லை.

பிரைட்டின் அட்டவணையில் நேரத்துக்கு ஒரு பத்தி தேவைப்படவில்லை, அவர் அளந்த இதயங்கள் இனி மாறப்போவதில்லை. இன்று நம் கைக்கு வரும் பல ரிப்போர்ட்களிலும் அந்தப் பத்தி கிடையாது. அதை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.