துறைமுகங்களின் கதை: ஜெனோவாவில் ஒரு பகல்

சென்ற வாரம் மெலோரியா கடற்போரில் நிறுத்தியிருந்தோம். 1284 ஆகஸ்ட் 6ஆம் தேதி, பைசா நகரத்தின் கப்பற்படையை ஜெனோவா ஒரே நாளில் தீர்த்துக்கட்டியது. ஆயிரக்கணக்கான பைசாக்காரர்கள் கைதிகளாக ஜெனோவாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பைசாவைப் பார்க்க வேண்டுமானால் ஜெனோவாவுக்குப் போ என்று அந்தக் காலத்தில் கேலி பேசினார்களாம். அந்தக் கைதிகளில் கதை எழுதுகிற ஒருவரும் இருந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

இந்த வாரம் போர் வேண்டாம், ஊரைச் சுற்றுவோம். மிலானில் பிள்ளைகள் வேலை பார்க்க, அங்கே போய் இரண்டு மாதம் தங்குகிற பெற்றோர் இப்போது நம்மில் நிறையப் பேர். மத்தியதரைக்கடல் சொகுசுக் கப்பலில் காலையில் இறங்கி மாலையில் ஏறிவிட வேண்டியவர்களும் உண்டு. மிலானிலிருந்து ஜெனோவாவுக்கு ரயிலில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்தான். ஒரு பகல் கையில் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஜெனோவா சட்டென்று பிடிபடாத ஊர். வெனிஸ் போலத் தன்னைக் கடை விரித்துக் காட்டாது. பின்னால் முதுகை உரசிக்கொண்டு மலை, முன்னால் கடல். நடுவில் உழுது பிழைக்க நிலம் கிடையாது. கப்பல் ஓட்டினால்தான் சோறு. ஓட்டினார்கள், சம்பாதித்தார்கள், சம்பாதித்ததை வட்டிக்கு விட்டார்கள். குடிகள் கோடீஸ்வரர்கள், அரசோ எப்போதும் கடனில். அதனால் இங்கே ராஜா கட்டிய அரண்மனையைத் தேடிப் பயனில்லை. கண்ணில் படும் மாளிகை எல்லாம் கடன் கொடுத்தவர்கள் கட்டியது. பணம் எந்த வழியாக ஊருக்குள் ஏறியதோ அதே வழியாக, துறையிலிருந்து மேட்டை நோக்கி நடந்தால் இந்த ஊர் புரியும். என் திட்டம் அவ்வளவுதான்.

கிழமை முக்கியம். திங்கட்கிழமை போகாதீர்கள், நாம் பார்க்க வேண்டிய அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை. ஞாயிறு என்றால் சந்துக்கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று ஆண்டுக்கு இருமுறை ‘ரோல்லி நாட்கள்’ வரும். மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் மாளிகைகளை அப்போது திறந்துவிடுவார்கள். பயணத்தை அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ள முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. காலுக்கு வழுக்காத செருப்பு. ஏற்ற இறக்கம் இல்லாத தெரு இந்த ஊரில் அபூர்வம்.

பியாத்ஸா பிரின்சிபே நிலையத்தில் இறங்குங்கள். வாசலிலேயே கொலம்பஸ் சிலையாக நிற்பார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகரலாம். கொலம்பஸ் வீடு என்று ஊரின் மறுகோடியில், போர்த்தா சொப்ரானா கோட்டைவாசலை ஒட்டி, ஒன்றைக் காட்டுவார்கள். நீண்ட வரிசை நிற்கும். 1684இல் பதினான்காம் லூயியின் கப்பல்கள் நகரத்தின் மீது குண்டு பொழிந்ததில் பழைய வீடு சிதைந்து, 18ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டப்பட்டது அது. அவர் சிறு வயதில் வளர்ந்த இடம் என்பது சரி. அவர் தொட்ட சுவர் என்று நினைத்துத் தடவிப் பார்க்க வேண்டாம். ஒரே பகல் உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம். துறைமுகத்து மீன் காட்சியகத்துக்கும் இதே தீர்ப்புதான். குழந்தைகளோடு போனால் அரை நாளை அதுவே விழுங்கிவிடும்.

நிலையத்திலிருந்து இறங்கிப் பழைய துறைமுகத்தை ஒட்டி நடந்தால் மேற்கே தூரத்தில் லந்தேர்னா தெரியும். 1543இல் இப்போதைய உருவில் கட்டி முடிக்கப்பட்ட, சுமார் 77 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம். அதற்கு முன் அங்கிருந்த பழைய விளக்குக்குக் காவலராக 1449இல் கொலம்பஸின் சித்தப்பா முறையான அந்தோனியோ கொலம்போ இருந்தார் என்று ஆவணம் இருக்கிறது. கிட்டே போய் ஏறிப் பார்க்க அரை நாள் தனியாக வேண்டும். தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

துறையின் எதிரே, முகப்பு முழுக்கச் சித்திரம் தீட்டிய ஒரு கட்டடம் இருக்கும். நடுவில் புனித ஜார்ஜ் குதிரை மேலிருந்து நாகத்தைக் குத்துவார். இதுதான் பலாத்ஸோ சான் ஜார்ஜோ. இன்றைய பொழுதில் பெரும்பங்கை இந்தக் கட்டடத்துக்கே கொடுக்கலாம் என்பேன். 1260இல் கூலியெல்மோ பொக்கனேக்ரா என்ற தலைவர் கட்டத் தொடங்கினார். கான்ஸ்டான்டினோபிளில் வெனிஸ்காரர்களின் கட்டடம் ஒன்றை இடித்து, அந்தக் கற்களை இங்கே கொண்டுவந்து பதித்தார்கள் என்று சொல்வார்கள். எதிரியின் கல்லை வாசலில் வைப்பதில் அவர்களுக்கு ஒரு ருசி. பைசா துறைமுகத்தின் இரும்புச் சங்கிலியைத் துண்டுதுண்டாக வெட்டித் தங்கள் கோட்டைவாசல்களில் தொங்கவிட்டவர்கள்தானே. அந்தச் சங்கிலித் துண்டுகள் பைசாவுக்குத் திரும்பிப் போக 1860 ஆயிற்று.

இந்தக் கட்டடம் சிறையாகவும் இருந்தது. இங்கேதான் மார்க்கோ போலோ அடைபட்டிருந்தார் என்பது ஊரின் நெடுநாள் நம்பிக்கை. எந்தப் போரில் பிடிபட்டார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு இருக்கிறது. 1298இல் ஜெனோவா சிறையில் இருந்தபடி தன் பயணக் கதையைச் சொன்னார் என்பது மட்டும் அவர் நூலின் முகவுரையிலேயே இருக்கிறது. கேட்டு எழுதியவர் ருஸ்திகெல்லோ. தொடக்கத்தில் சொன்னேனே, பைசாவின் கதாசிரியர், அவரேதான். ஆர்தர் மன்னன் கதைகள் எழுதிப் பேர் வாங்கியவர். மெலோரியாவில் சிக்கியவர் என்பதுதான் பொதுவான கருத்து. அப்படியானால் அதற்குள் 14 ஆண்டுகள் சிறையில் ஓடியிருக்கும். சொல்ல ஒரு வெனிஸ்காரர், எழுத ஒரு பைசாக்காரர், இருவரையும் பூட்டி வைத்த புண்ணியம் ஜெனோவாவுக்கு.

அந்தச் சிறையில் சொல்லப்பட்டவற்றில் நம் கரையும் இருக்கிறது. பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பு, முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்ற கணக்கு, இடையில் ஒரு துணியும் உடம்பெல்லாம் மணியுமாக இருக்கிற அரசன், ஆண்டுதோறும் அரபுக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக வாங்கிய குதிரைகள் பராமரிக்கத் தெரியாததால் செத்து விழுவது, எல்லாம் வருகின்றன. ஹோர்மூஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வரும் மரக்கலங்கள் ஒதுங்குகிற காயல் துறைமுகமும் வருகிறது. தாமிரபரணி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கடல் விலகிப்போன பழையகாயலாக இன்று நாம் பார்க்கும் ஊர் அது. தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்கள் யாராவது இந்தச் சித்திர முகப்பின் கீழே நின்றால் கொஞ்சம் உரிமையோடேயே நிற்கலாம்.

சிறை ஒரு காலம், வங்கி ஒரு காலம். 1407இல் ஜெனோவா அரசு தன் கடன்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டியது. கடன் கொடுத்தவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். அரசால் திருப்பித் தர முடியாததால், வரி வசூலிக்கும் உரிமையை அவர்களிடமே எழுதிக் கொடுத்தது. அப்படிப் பிறந்ததுதான் சான் ஜார்ஜோ நிறுவனம், ஐரோப்பாவின் மூத்த வங்கிகளில் ஒன்று. உப்புக்கு வரி, இறங்கும் சரக்குக்குச் சுங்கம் என்று அதன் கை நீண்டது. கான்ஸ்டான்டினோபிள் துருக்கியர் வசமான 1453இல், கருங்கடல் கரையில் இருந்த காஃபா துறைமுகத்தையும் கோர்சிகா தீவையும் கட்டிக் காக்க அரசிடம் காசில்லை. இரண்டையும் வங்கி எடுத்துக்கொண்டு ஆண்டது. ஒரு தீவையே வங்கி ஆளும் விசித்திரத்தைப் பற்றி மாக்கியவெல்லி தன் ஃப்ளாரன்ஸ் வரலாற்றில் நின்று எழுதியிருக்கிறார். நகர அரசைவிட வங்கி ஒழுங்காக நடக்கிறது என்பது அவருடைய மதிப்பீடு.

கட்டடம் இப்போது துறைமுக ஆணையத்தின் அலுவலகம். நினைத்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள், முகப்பே போதும்.

அதை ஒட்டி சோத்தோரீபா என்கிற தூண் நடை, 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஒரு காலத்தில் கடல் அலை இதன் காலடியில் அடித்தது. இன்று எதிரே மேம்பாலச் சாலை போகிறது. நடை முழுவதும் எண்ணெய்ச் சட்டி வாசனை. மீனும் கணவாயும் பொரித்துக் காகிதத்தில் சுருட்டித் தருகிறார்கள். இங்கிருந்து உள்ளே நுழைந்தால் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். பட்டப்பகலிலும் இருட்டு, தலைக்கு மேலே ஆறேழு மாடி. பணப்பையை முன்பையில் வையுங்கள்.

சந்து திடீரென்று ஒரு சின்னச் சதுக்கமாக விரியும் இடம் பியாத்ஸா பாங்கி. பணம் மாற்றுகிறவர்கள் பலகை போட்டு உட்கார்ந்திருந்த இடம். இங்கே சான் பியெத்ரோ கோயிலைப் பாருங்கள். கோயில் மாடியில், கீழே கடைகள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொள்ளைநோய்க்கு நேர்ந்துகொண்டு திரும்பக் கட்டியபோது பணம் போதவில்லை. என்ன செய்தார்கள்? தரைத்தளத்தைக் கடைகளாகப் பிரித்து விற்று, அந்தக் காசில் மேலே கோயிலை எழுப்பினார்கள். படியேறித்தான் சாமியைப் பார்க்க முடியும். ஜெனோவாவின் குணத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் கட்டடத்தை நான் அறியேன்.

கொஞ்சம் தெற்கே போனால் சான் லொரென்ஸோ பேராலயம், கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாகக் கட்டியது. உள்ளே வலது பக்க நடையில் ஒரு பீரங்கிக் குண்டு நிமிர்ந்து நிற்கும். 1941 பிப்ரவரி 9 காலை பிரிட்டிஷ் கப்பல்கள் ஜெனோவாவைக் கடலிலிருந்து தாக்கின. நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். 381 மில்லிமீட்டர் குண்டு ஒன்று பேராலயத்துக்குள் பாய்ந்து, வெடிக்காமல் கிடந்தது. அதன் நினைவுதான் இது. சுட்ட கப்பலின் பெயர் ‘மலாயா’. அது மலாய்க் கூட்டு நாடுகள் செலவேற்றுப் பிரிட்டனுக்குக் கட்டிக்கொடுத்த போர்க்கப்பல். அந்த நாடுகளுக்குக் காசு வந்தது ஈயச் சுரங்கத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும். ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் யார் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குண்டின் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் வாசகத்தில் இந்தப் பின்கதை இல்லை.

அதே ஆலயத்தின் பொக்கிஷ அறையில் பச்சை நிறத்தில் அறுகோணக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. 1101இல் சிலுவைப் போரில் செசரியாவிலிருந்து கொண்டுவந்தது, முழு மரகதம், இயேசு கடைசி விருந்தில் பயன்படுத்தியது என்று நூற்றாண்டுக்கணக்கில் நம்பினார்கள். நெப்போலியன் அதைப் பாரிஸுக்கு எடுத்துப் போனார். 1816இல் திரும்பி வந்தபோது துண்டுதுண்டாக உடைந்திருந்தது. உடைந்த விளிம்பு உண்மையைச் சொல்லிவிட்டது: கண்ணாடி.

மதியச் சாப்பாட்டுக்கு நட்சத்திர உணவகம் தேட வேண்டாம். விறகடுப்பு எரிகிற பழைய கடைகளில் ஃபரினாத்தா கிடைக்கும். கொண்டைக்கடலை மாவை நீரில் கரைத்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, ஈயம் பூசிய அகலமான தாமிரத் தட்டில் மெல்லிசாக ஊற்றி அடுப்புக்குள் தள்ளுவார்கள். மேல்தோல் பொன்னிறமாக முறுகி, உள்ளே குழைவாக, நம் அடையின் ஒன்றுவிட்ட தம்பி போல வெளியே வரும். மிளகைப் பொடித்துத் தூவிக்கொண்டு கையாலேயே சாப்பிடலாம். சைவக்காரர்களுக்குக் கவலையில்லை. மெலோரியாவிலிருந்து திரும்பிய கப்பலில் புயல் அடித்து, மாவு மூட்டையும் எண்ணெய்ப் பீப்பாயும் கவிழ்ந்து, கடல்நீரோடு கலந்து பிறந்த பண்டம் என்று கதை கட்டியிருக்கிறார்கள். கடலை மாவை எண்ணெயில் குழைத்துச் சுட ஒரு கடற்போர் தேவையா என்ன!

பிற்பகலுக்கு வியா கரிபால்டி. பழைய பெயர் ஸ்த்ராதா நுவோவா. ஏறக்குறைய 250 மீட்டர்தான் நீளம், வாகனம் கிடையாது. 1550களில் ஊரின் பெரிய குடும்பங்கள் சேர்ந்து போட்ட தெரு. 1528இல் கடற்படைத் தலைவர் அந்திரேயா டோரியா பிரான்ஸை உதறிவிட்டு ஸ்பெயினை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பக்கம் சாய்ந்ததிலிருந்து ஜெனோவாவின் பணப்பெட்டி ஸ்பெயின் அரசின் பெட்டியோடு பிணைந்துகொண்டது. அமெரிக்காவிலிருந்து வெள்ளி வரும் முன்பே மன்னருக்கு முன்பணம் கொடுத்து, வெள்ளி வந்ததும் வட்டியோடு எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவுக்கு வழி கண்ட ஜெனோவாக்காரர் கடைசிவரை தன் பாக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊர்க்காரர்கள் வசூலித்துவிட்டார்கள்.

அந்த வசூல்தான் இந்தத் தெருவின் இரு பக்கமும் நிற்கிறது. ஓவியர் ரூபன்ஸ் இந்த மாளிகைகளில் மயங்கி, அவற்றின் வரைபடங்களை 1622இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். அரசுக்குச் சொந்தமாக விருந்தினர் மாளிகை இல்லாததால் 1576இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். நல்ல மாளிகைகளையெல்லாம் தரம் பிரித்துப் பட்டியல் போட்டு, வெளிநாட்டுப் பிரமுகர் வந்தால் அவர் தகுதிக்கு ஏற்ற வரிசையில் சீட்டுக் குலுக்குவது. சீட்டு விழுந்த வீட்டுக்காரர் விருந்தினரை வைத்துப் போஷிக்க வேண்டும். அந்தப் பட்டியல்களைத்தான் ரோல்லி என்கிறார்கள். அவற்றில் 42 மாளிகைகள் 2006 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இருக்கின்றன.

தெருவில் பெரியது பலாத்ஸோ துர்ஸி, இப்போது நகராட்சி மன்றம். கட்டியவர் நிக்கோலோ கிரிமால்டி. ஸ்பெயினின் இரண்டாம் ஃபிலிப்புக்குக் கடன் கொடுத்தவர். ஊரில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘மன்னர்’. நிஜ மன்னர் 1575இல் கடன் தவணைகளை நிறுத்தியபோது ஜெனோவா வங்கியாளர்கள் ஆடிப்போனார்கள். 1597இல் மாளிகை டோரியா குடும்பத்துக்குக் கைமாறியது. முற்றத்தின் படிக்கட்டில் நின்று பார்த்தால் மலைச்சரிவையே மாளிகைக்குள் மடித்து வைத்திருப்பது தெரியும். தெருவின் அருங்காட்சியகங்களுக்கு ஒரே சீட்டு. இந்த ஊரில் பிறந்த பாகனினி ஊருக்கே எழுதி வைத்துப் போன வயலினையும் அங்கே தேடிப் பாருங்கள். 1743இல் குவார்னேரி செய்தது.

ஐந்து மணிக்குள் அருகிலுள்ள போர்த்தெல்லோ சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். குகை போன்ற நடையின் முடிவில் காஸ்தெல்லெத்தோ மேட்டுக்குப் போகும் பொது லிஃப்ட் இருக்கும். அதில் ஏறிக்கொள்ளலாம். மேலே நின்றால் காலையிலிருந்து நடந்தது முழுதும் கீழே கிடக்கும்: துறை, சந்துகள், பேராலயத்தின் கோபுரம், மேற்கே லந்தேர்னா. துறையிலிருந்து கோர்சிகாவுக்குப் புறப்படும் பெரிய படகுகளும் தெரியும்.

அந்தத் தீவைப் பற்றிச் சொல்லிவிட்டு ரயிலுக்கு விடுகிறேன். வங்கி 1562இல் கோர்சிகாவை அரசிடம் திருப்பித் தந்தது. தீவில் கலகம் ஓயவில்லை. அடக்குவதற்குப் பிரெஞ்சுப் படையை அழைத்தார்கள். படைச் செலவு ஜெனோவா தலையில் ஏறியது. ஐரோப்பாவுக்கே கடன் கொடுத்த ஊரால் அதைக் கட்ட முடியவில்லை. 1768இல் தீவைப் பிரான்ஸுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது, மீட்கவேயில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்தத் தீவின் அஜாக்ஸியோ நகரில் ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து 1805இல் ஜெனோவாவைப் பிரான்ஸோடு சேர்த்துக்கொண்டு, 398 ஆண்டுகள் நடந்த சான் ஜார்ஜோ வங்கியை இழுத்து மூடியது. மரகதக் கிண்ணத்தைத் தூக்கிப் போனவரும் அவர்தான். அடுத்த வாரம் படகேறி, ஜெனோவாக்காரர்கள் கோட்டை கட்டிக் குடியேறிய பாஸ்தியா துறைமுகத்தில் இறங்குவோம்.

(தொடரும்)