பனிமலைக் காவல்

கடலில் நேரும் கேடுகளுக்கெல்லாம் கடலின்மேலேயே பழியைச் சுமத்திவிட்டு மனம் ஆறுவது மக்களின் பழைய வழக்கம். ஆயினும், நிகழ்ந்தவற்றை ஆண்டு வரிசையில் வைத்து ஆராயுமிடத்து, கடல் கொண்ட உயிர்களுட் பல, வரும் இடரைக் காண இயலாமையாலும், கண்டோர் சொன்னதைக் கேளாமையாலும் மாண்டவை என்பது புலனாகும். துருவக் கடல்களின் பனிமலைகளை மனிதர் காவல் செய்யக் கற்றுக்கொண்ட வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அதனை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

வெப்ப நாட்டில் வாழும் நமக்குப் பனிமலை கேள்விப் பொருளே. துருவப் பகுதிகளில் நெடுங்காலமாகப் பெய்து இறுகிய பனி, ஆறுபோல் மெல்ல நகர்ந்து கடலை அடைந்து, அங்கே முறிந்து மிதக்கத் தொடங்குகிறது. அதன் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் மறைந்திருக்கும். காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே அது செல்லும்.

1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு, டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் வட அட்லாண்டிக் கடலில் பனிமலை ஒன்றில் மோதி, மூன்று மணி நேரத்திற்குள் மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். அக்கப்பலுக்கு எச்சரிக்கை கிட்டாமல் இல்லை. பிற கப்பல்கள் கம்பியில்லாத் தந்தி வாயிலாகப் பனி கிடக்கும் இடங்களை அறிவித்து வந்தன. மெசாபா என்னும் கப்பல் அன்றிரவு அனுப்பிய செய்தியோ, கப்பலைச் செலுத்திய அதிகாரிகளிடம் போய்ச் சேரவே இல்லை. டைட்டானிக் வேகம் குறையாமற் சென்றது. இருளில் பனிமலையைத் தேட அதற்கிருந்தவை, கொடிமரக் கூண்டில் நின்ற காவலர் இருவரின் வெறுங்கண்களே.

அந்தத் துயரத்தின் விளைவாக, 1914-ம் ஆண்டு ஜனவரியில் லண்டன் மாநகரில் நிறைவேறிய ஒப்பந்தத்தின்படி சர்வதேசப் பனிக்காவல் ஏற்பட்டது. செலவைப் பல நாடுகள் பங்கிட்டுக்கொண்டன. காவலை அமெரிக்கர் நடத்தினர். முதலில் கப்பல்களும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானங்களும் பனிமலைகளைத் தேடித் திரிந்தன. தம் எச்சரிக்கையை மதித்து நடந்த கப்பல் எதிலும் பனிமலையால் உயிர்ச்சேதம் நேர்ந்ததில்லை என்று அக்காவலர் கூறுவர்.

ஆயின், காவல் எட்டாத கடல் எட்டாததாகவே கிடந்தது. 1959-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, டென்மார்க்கு நாட்டின் ஹான்ஸ் ஹெட்டாப்ட் என்னும் புதுக்கப்பல், தன் முதற் பயணத்திலேயே கிரீன்லாந்தின் தென்முனைக்கருகில் பனிமலையில் மோதி அழிந்தது. அதிலிருந்த 95 பேரில் ஒருவரும் மீளவில்லை.

நிற்க. தென் துருவத்தைச் சூழ்ந்த கடலோ இன்னும் பெரியது. அங்கே முறியும் பனிமலைகளுட் சில நாடுகளையொத்த பரப்புடையவை. 2000-ம் ஆண்டு ராஸ் பனித்தட்டினின்று பிரிந்த பி-15 என்னும் பனிமலையின் பரப்பு ஏறக்குறைய 11,000 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் பதினான்கு நாடுகளை அதன்மேல் வைத்தாலும் இடம் மிஞ்சும். இத்தகையவற்றை விமானங்களைக் கொண்டு ஓயாது தொடர்வது ஆகாத காரியம். வானிலிருந்து புகைப்படம் எடுக்கலாமெனின், மேகம் மறைக்கும். மாரிக்காலத்தில் வாரக்கணக்கில், உள்ளே செல்லச் செல்ல மாதக்கணக்கில், சூரியனே தோன்றாது.

இத்தடையை நீக்கியது ராடார். ராடார் பிறிதோர் ஒளியை எதிர்பார்ப்பதில்லை. தானே ரேடியோ அலைகளை அனுப்பி, அவை மோதித் திரும்புவதை வாங்கிப் படம் வரைகிறது. இருளும் மேகமும் அவ்வலைகளைத் தடுப்பதில்லை. அமைதியான கடல் கண்ணாடிபோல் அலையை அப்பால் தள்ளிவிடுவதால் படத்தில் கருமையாகத் தெரியும். பனிமலை அலையைச் சிதறவிட்டு ஒரு பகுதியை வந்த வழியே திருப்புவதால் வெண்மையாகத் தெரியும். விரைந்து செல்லும் சிறு ஆன்டெனா வழிநெடுகப் பெற்றவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால், மிகப் பெரிய ஆன்டெனா கண்டதற்கொப்பான நுட்பமான படம் கிட்டும். இவ்வழிக்கு 1951-ல் வித்திட்டவர் கார்ல் வைலி என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர். 1978-ல் ஏவப்பட்ட சீசாட் என்னும் செயற்கைக்கோள் இம்முறையிற் கடலைப் படம் பிடித்தது. மின்கோளாற்றால் அது சுமார் நூறு நாட்களிலேயே ஓய்ந்தது. எனினும் வழி பிறந்துவிட்டது. 1991-ல் ஐரோப்பியர் இ.ஆர்.எஸ்.-1 என்பதை ஏவினர்.

இதன் பயனை 1999-ம் ஆண்டு உலகம் கண்டது. துவைட்ஸ் பனியாற்றிலிருந்து 1992-ல் வந்த பனிமலையின் துண்டாகிய பி-10ஏ என்பதை, மாரிக்கால இருளிலும் மேகத்திலும் அமெரிக்கத் தேசியப் பனி நிலையத்தார் தவறவிட்டிருந்தனர். 77 கிலோமீட்டர் நீளமும் 38 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பெரும் பொருள் காணாமற்போயிற்று! அவ்வாண்டு ஜூனில் ஏவப்பட்ட குவிக்ஸ்கேட் என்னும் செயற்கைக்கோளின் ராடார் கடற்காற்றை அளப்பதற்கென்றே அமைந்தது. ஆனால் ஜூலையில் அதுவே, தென் அமெரிக்காவின் தென்முனைக்கு அப்பாலுள்ள கப்பல் வழியை அந்தப் பனிமலை நெருங்குவதைக் காட்டிக்கொடுத்தது. கப்பல்கள் எச்சரிக்கப்பட்டன.

2014-ல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-1 வரிசை இக்காவலை நாள்தோறும் நடைபெறும் தொழிலாக்கியது. 2017 ஜூலையில், துருவ இரவின் நடுவில், லார்சன்-சி பனித்தட்டினின்று 5,800 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள ஏ-68 முறிந்ததை அதன் ராடார் படம் பிடித்தது. மூன்றாண்டுகள் கழித்து அது தெற்கு ஜார்ஜியா தீவை நெருங்கியபொழுது, பென்குவின்களும் கடல்நாய்களும் இரை தேடும் வழியை அது அடைத்துவிடுமோ என்று அறிஞர் அஞ்சினர். அது உடைந்து உருகியது. மூன்றே மாதங்களில் 15,200 கோடி டன் நன்னீரை அத்தீவருகே கடலிற் கலந்ததாகச் செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டனர்.

இக்கண்ணுக்கும் குறையுண்டு. பனிமலையின் மேற்பரப்பு உருகி நனைந்தால் அதன் வெண்மை மங்கும். காற்றால் கடல் கொந்தளித்தால் நீரும் வெளுத்துத் தெரியும். சிறு பனிமலையையும் கப்பலையும் பிரித்தறிவது கடினம். 2021 டிசம்பரில் சென்டினல்-1பி பழுதடைந்தது. அதற்கு ஈடான 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பரிலேதான். இடைப்பட்ட மூன்றாண்டுகளும் இரு கண்களின் வேலையை ஒரு கண்ணே செய்ய வேண்டியிருந்தது. காவற்கருவியைப் பேணுதலும் காவலின் ஒரு பகுதியே அன்றோ?

சென்டினல் எடுக்கும் படங்களை எந்நாட்டவரும் விலையின்றிப் பெறலாம். செல்வரின் கப்பலுக்கும் ஏழை மீன்பிடிப்போரின் படகுக்கும் ஒரே செய்திதான். ஒரு கப்பலின் தந்தி அறையோடு நின்றுபோன செய்தி உயிர்களைக் காக்கவில்லை. எல்லோர்க்கும் எட்டி, எல்லோராலும் மதிக்கப்படும் செய்தியே காக்கும். இருளிற் காண்பதை யந்திரம் செய்துவிட்டது. கண்டதை மறைக்காது சொல்வதும், சொன்னதைக் கேட்டு வேகத்தைக் குறைப்பதும் 1912-ல் போலவே இன்றும் மனிதரின் கடமை.