சுடுகிறவன் இல்லாத துவக்கு



போன கிழமை ஒன்பதாம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், அந்தக் காலத்துத் துரைமார் யானை சுட்டது கார் 98லயா?" வகுப்பே சிரித்தது. போனில் பப்ஜி விளையாடுகிற பிள்ளைகளுக்கு அந்தத் துவக்கின் பெயர் தெரியும். அந்த 98 என்ன என்று திருப்பிக் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. பதிலைத் தேடிப் போனால் அது பதுளை, ஹப்புத்தளை, தியத்தலாவை என்று நம்முடைய ஊர்களையே சுற்றி வந்து, கடைசியில் பசறைக் காட்டோரத்தில் நின்றது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு சொல். துவக்குச் செய்கிறவர்கள் 'ஆக்‌ஷன்' என்பார்கள். குழலும் அல்ல, கட்டையும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பொறி. தோட்டாவை உள்ளே ஏற்றுவது, பூட்டுவது, வெடித்த பின் வெற்றுக் கோதை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றுவது எல்லாம் அதன் வேலை. வெளிநாடுகளில் தனக்கென்று ஒரு வேட்டைத் துவக்கைச் செய்விக்கிறவர் முதலில் தேர்வது இந்த ஆக்‌ஷனைத்தான். குழலைப் பிறகு மாற்றலாம், கட்டையையும் மாற்றலாம். ஆக்‌ஷன் பிழைத்தால் எல்லாம் பிழை. ஏனென்றால் முதல் வெடியை எந்தத் துவக்கும் வெடிக்கும். கேள்வி இரண்டாவது வெடியைப் பற்றியது. காயப்பட்ட மிருகம் திரும்பி வரும்போது இரண்டாவது வெடி எங்கிருந்து வரும்?

ஊவாவின் துவக்கு வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

பதுளை நகரில் சென் மார்க்ஸ் தேவாலயத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். அது மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர், தெருக்கள் போட்டவர். 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அவர் இருந்த படை சிலோன் ரைஃபிள் ரெஜிமெண்ட். அதன் சிப்பாய்களில் பெரும்பாலானோர் மலாய் முஸ்லிம்கள். 1873இல் படை கலைக்கப்பட்டபோது பலர் பொலிஸில் சேர்ந்தார்கள். துவக்கின் கதையில் நம் சமூகத்துக்கும் ஒரு பக்கம் உண்டு என்பதற்காகச் சொல்கிறோம்.

ரொஜர்ஸின் காலத்துத் துவக்கு வாய்வழி மருந்து இடிக்கிற துவக்கு. மருந்தைக் கொட்டி, அடைத்து, குண்டை வைத்து, கோலால் இடித்து, கேப் மாட்டி முடிக்க நேரம் பிடிக்கும். யானை அதுவரைக்கும் நிற்காது. அப்படியென்றால் இரண்டாவது வெடி எங்கிருந்து வந்தது? பின்னால் நின்ற மனிதனின் கையிலிருந்து. துரை ஒன்றைச் சுட்டு முடிக்க, துவக்குத் தூக்குகிற உள்ளூர்க்காரன் இடித்து வைத்த அடுத்ததை நீட்டுவான். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தன் துவக்குகளை எண்ணியே எழுதி வைத்திருக்கிறார். நாலு அவுன்ஸ் குண்டு போடுகிற ஒற்றைக் குழல் ஒன்று, எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. இரண்டு அவுன்ஸ் ஒற்றைக் குழல் ஒன்று, 16 இறாத்தல். அவற்றோடு இரட்டைக் குழல் நாலு. மொத்தம் ஆறு. அவ்வளவையும் ஒருவர் தூக்க முடியாது. அந்தக் காலத்தில் ஆக்‌ஷனின் பாதி வேலையை மனிதர்களே செய்தார்கள். யானை திரும்பினால் வெறுங்கையோடு நின்றவர்களும் அவர்கள்தான். துரைமாரின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. இவர்களின் பெயர்களைத் தேடத்தான் வேண்டும்.

யானைத் தலைக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிய கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வடக்கின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேல். 1851 முதல் 1856 வரை தெற்கில் 2,000.

பிறகு பின்பக்கமாகத் தோட்டா ஏற்றுகிற துவக்குகள் வந்தன. அவற்றில் பெரிய மிருகத்துக்கென்று செய்தது இரட்டைக் குழல் ரைஃபிள். இரண்டு குழல், இரண்டு பூட்டு, இரண்டு விசை. உண்மையில் ஒரே கட்டையில் பொருத்திய இரண்டு துவக்குகள். ஒன்று பழுதானாலும் மற்றது வெடிக்கும். கண் சிமிட்டுவதற்குள் இரண்டாவது வெடி வரும். ஆனால் மூன்றாவது வெடிக்கு மடித்துத் திறந்து ஏற்ற வேண்டும். பாரமும் அதிகம். இரண்டு குழலின் குண்டும் ஓர் இடத்தில் போய்ச் சேர, செய்கிறவர் சுட்டுப் பார்த்து, ஒட்டை உருக்கி, மறுபடி ஒட்டிச் சரிசெய்ய வேண்டும். அதனால் விலை சாதாரண ஆளால் நினைக்க முடியாதது.

இன்னொரு வகை லீவர். விசைக்குக் கீழே இருக்கிற கைப்பிடியை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா வந்துவிடும். பெங்களூரிலிருந்து சேலம், தர்மபுரிக் காடுகளுக்கு வந்து ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிய கென்னத் அண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாதிரி லீவர் துவக்கு.

இப்போது அந்தப் பிள்ளையின் 98க்கு வருவோம். ஜெர்மனியில் மௌசர் தொழிற்சாலை 1898இல் முழுமையாக்கிய போல்ட் ஆக்‌ஷனின் பெயர் அது. கதவுத் தாழ்ப்பாளைப் போல ஒரு போல்ட். தூக்கி இழுத்தால் கோது வெளியே வரும், தள்ளி இறக்கினால் அடுத்தது உள்ளே போய்ப் பூட்டும். போல்ட்டின் முன்பக்கம் இரண்டு பற்கள் பூட்டைத் தாங்கும். அவை உடைந்தாலும் முகத்தைக் காக்கப் பின்னால் மூன்றாவது பல் இருக்கிறது. இதைவிடப் பெரிய விசயம் பக்கத்தில் இருக்கிற நீண்ட இரும்பு நகம். தோட்டா மகசினை விட்டுக் கிளம்பியதும் அந்த நகம் அதன் அடியைப் பிடித்துக்கொள்ளும். வெடித்து வெளியே எறியும் வரைக்கும் விடாது. துவக்கைத் தலைகீழாகப் பிடித்தாலும், பயத்தில் கை நடுங்கிப் போல்ட்டைப் பாதியில் இழுத்தாலும் தோட்டா விழாது, சிக்காது. அமெரிக்காவில் 1936இல் வந்த வின்செஸ்டர் 70 இதே நகத்தோடு வந்தது. 1964இல் செலவைக் குறைக்க அதை மாற்றினார்கள். வேட்டைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "64க்கு முந்தியதா?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு.

இந்த மௌசர் நம் மலைநாட்டோடு தொடர்புபட்ட விதத்தைக் கேளுங்கள். 1900இல் தோட்டத் துரைமாரின் படையான சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர், தென்னாபிரிக்காவுக்கு போவர்களோடு சண்டை பிடிக்க ஆள் அனுப்பியது. போவர் விவசாயிகளின் கையில் இருந்தது 7 மில்லிமீற்றர் மௌசர், 98க்குச் சற்று முந்திய மாதிரி. பிடிபட்ட போவர்களில் சுமார் 5,000 பேரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து அடைத்தது நம்முடைய தியத்தலாவையில். சண்டையில் அடிபட்டுப் படித்த வெள்ளைக்காரர்கள் அதே தோட்டாவுக்கு லண்டனில் '.275 ரிக்பி' என்று புதுப் பெயர் வைத்து, மௌசர் ஆக்‌ஷனிலேயே வேட்டைத் துவக்கு செய்தார்கள். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்காக ஜிம் கோர்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது அதில் ஒன்று. 1930இல் சௌகர் பெண்புலி திடீரென்று முன்னால் படுத்திருந்தபோது, கோர்பெட்டின் இடது கையில் பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டு. வலது கையால் மட்டும் அந்தத் துவக்கை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். கனமான இரட்டைக் குழலாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

ஆகவே, எல்லா வேட்டைக்கும் ஒரே ஒரு துவக்கு என்றால் எதைத் தேர்வது என்று கேட்டால், வரலாறு சொல்கிற பதில் மௌசர் வகைப் போல்ட்தான். யானைக்கு முன்னால் நிற்க இரட்டைக் குழல் நல்லது. மற்ற எல்லாவற்றுக்கும் பாரம் குறைந்த, விலை குறைந்த, மண்ணிலும் மழையிலும் சிக்காத போல்ட் போதும்.

ஆனால் நாம் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான்.

தியத்தலாவைக் கைதிகளில் எங்கல்பிரெக்ட் என்று ஒருவர். பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. இங்கேயே தங்கினார். யாலையின் முதல் வனவிலங்குக் காவலர் அவர்தான். சுடப் பழகிய கை, காக்கிற கையானது. நாட்டின் சட்டமும் அதே பாதையில்தான் நடந்தது. 1891இல் யானை, எருமை போன்றவற்றைக் கண்டபடி கொல்வதைத் தடுக்க ஒரு சட்டம். 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். இன்று நம் பக்கத்தில் சட்டப்படி துவக்கு என்றால், பயிர் காக்கக் கச்சேரியில் பதிந்து வருடா வருடம் லைசன் புதுப்பிக்கிற துவக்குத்தான்.

சட்டத்துக்கு வெளியே இன்னொன்று இருக்கிறது. கட்டுத்துவக்கு. பன்றி வருகிற பாதையில் குழாய்த் துண்டு ஒன்று, குறுக்கே ஒரு கம்பி. இதற்கு ஆக்‌ஷன் கிடையாது. இரண்டாவது வெடியும் கிடையாது. எல்லாவற்றையும்விட, சுடுகிறவனே கிடையாது. ரொஜர்ஸ் 1,400 யானையைச் சுட்டார் என்றால், அவர் ஒவ்வொன்றையும் பார்த்துச் சுட்டார். அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். கட்டுத்துவக்கு யாரையும் பார்ப்பதில்லை. கம்பியில் படுவது பன்றியின் காலா, விறகுக்குப் போகிற அக்காவின் காலா என்று அதற்குத் தெரியாது. வேட்டை ஹலாலாவதற்கு ஒருவன் அந்தப் பிராணியை நாடிச் சுட்டிருக்க வேண்டும் என்று மத்ரஸாவில் படித்தோம். நாட்டம் இல்லாத ஆயுதத்தில் என்ன ஹலால் இருக்கிறது?

நம்மிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இப்படித்தான் இழந்தார். விடியற்காலையில் தொலைந்த மாட்டைத் தேடிப் போனவர். கட்டியது யார் என்று ஊரில் பலருக்குத் தெரியும் என்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாமும் அன்று பேசவில்லை. அந்தப் பிள்ளை ஓ.எல். எழுதாமல் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். அன்று மௌனமாக இருந்தது இன்றும் உறுத்துகிறது.

பன்றி பயிரை அழிப்பது பொய் இல்லை. மரவள்ளியும் வற்றாளையும் ஒரே இரவில் போய்விடும் என்பது நமக்கும் தெரியும். அதற்கு வேலி கட்டலாம், ஆள் சேர்ந்து காவல் இருக்கலாம், லைசன் உள்ளவரைக் கூப்பிடலாம். கஷ்டம்தான். ஆனால் அதில் எல்லாம் பார்க்கிற கண் ஒன்று இருக்கும்.

ஆகவே உறவுகளே, உங்கள் பக்கத்தில் கட்டியிருப்பது தெரிந்தால், கட்டியவரிடம் நேரே சொல்லுங்கள். கேட்காவிட்டால் கிராம சேவகரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள். பள்ளி நிருவாகத்தினர் ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு அறிவித்தல் கொடுத்தால் நல்லது. கோயிலிலும் பன்சலையிலும் சொன்னால் இன்னும் நல்லது. லயத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் கால் ஒன்றுதான்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிற கிழமை வகுப்பில் பதில் சொல்லுவோம், இன்ஷா அல்லாஹ். 98 என்பது வருடம். ரொஜர்ஸ் செத்தது அதற்கு 53 வருடம் முந்தி. கணக்கை அவனையே போடச் சொல்லுவோம். மற்றக் கதையையும் சேர்த்தே சொல்லுவோம்.