சினைப்பைக் கட்டியும் நோயாளியின் இசைவும்: 1817ஆம் ஆண்டுக் கென்டக்கி மருத்துவ அறிக்கை ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

சினைப்பைக் கட்டியை வயிற்றைத் திறந்து அகற்றிய தொடக்க கால நிகழ்வுகளைப் பதிவுசெய்த எஃப்ரெய்ம் மெக்டவலின் 1817ஆம் ஆண்டு அறிக்கை, அறுவை மருத்துவரின் துணிவுக்குச் சான்றாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வறிக்கையில் இடம்பெறும் மூன்று பெண்கள் தம் நோயை எவ்வாறு தாங்கினர், சிகிச்சைக்கு எவ்வாறு வந்தனர், முடிவெடுத்தவர் யார் என்னும் வினாக்களின் வழி இக்கட்டுரை அதனை மறுவாசிப்புச் செய்கிறது.

திறவுச்சொற்கள்: சினைப்பைக் கட்டி, மருத்துவ வரலாறு, நோயாளியின் இசைவு, அடிமைமுறை, கென்டக்கி

முன்னுரை

சினைப்பையில் தோன்றும் நீர்க்கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. பல தாமாகவே மறைந்துவிடுகின்றன. சில மட்டுமே வளர்ந்து வயிற்றை நிரப்புகின்றன. அவ்வாறு வளர்ந்த கட்டிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் பெரும்பாலும் செய்தது, வயிற்றில் துளையிட்டுத் திரவத்தை வடிப்பதே. வடித்த திரவம் மீண்டும் சேர்ந்தது. வயிற்றைத் திறப்பதோ நோயாளியைக் கொல்வதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது. இச்சூழலில், கென்டக்கி மாநிலத்தின் டான்வில் என்னும் சிற்றூரில் பணியாற்றிய மெக்டவல், தாம் செய்த மூன்று அறுவைச் சிகிச்சைகளைப் பற்றி 1817இல் ஃபிலடெல்ஃபியா மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். சில பக்கங்களே கொண்ட அவ்வறிக்கை கட்டியின் எடையைத் துல்லியமாகத் தருகிறது. அதனைச் சுமந்த பெண்ணைப் பற்றிப் போகிறபோக்கிலேயே பேசுகிறது. அச்சிறு குறிப்புகளே இங்கு ஆய்வுக்குரியவை.

கருவுற்றதாகக் கருதப்பட்ட நோய்

முதல் நோயாளி ஜேன் டாட் கிராஃபோர்டு, 1763இல் பிறந்தவர், குழந்தைகளைப் பெற்றெடுத்த தாய். 1809 டிசம்பரில் மெக்டவல் அவரைக் காணச் சென்றபோது, பல மாதங்களாகத் தாம் கருவுற்றிருப்பதாகவே அவர் நம்பியிருந்தார். பேறுகால வலியை ஒத்த வலி அவரை வருத்தியது. முன்னரே பார்த்த இரு மருத்துவர்களும் பேற்று நாள் நெருங்கிவிட்டது என்று கருதி, குழந்தையை வெளிக்கொணர்வதற்கே மெக்டவலின் உதவியை நாடியிருந்தனர். வீக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததையும் கருப்பை வெறுமையாக இருந்ததையும் ஆராய்ந்தறிந்த பின்னரே, அது சினைப்பையில் வளர்ந்த கட்டி என அவர் முடிவுசெய்தார்.

இம்மயக்கம் ஒரு நாட்டிற்கோ ஒரு காலத்திற்கோ உரியதன்று. சரக சம்ஹிதை, கருவுற்ற குறிகளைக் காட்டும் இரத்த குன்மத்திற்குப் பத்தாம் மாதம் கழிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என விதிக்கிறது. கருவா கட்டியா என்பதைக் காலமே பிரித்துக் காட்டும் என்னும் எச்சரிக்கை அது. வயிற்றினுள் பார்க்க இயலாத காலத்தில் காத்திருப்பதும் ஒரு நோயறி முறையாகவே இருந்தது. ஆனால் அக்காத்திருப்பின் வலியைத் தாங்கியவர் நோயாளியே.

அறுபது மைல் பயணம்

இத்தகைய அறுவை வெற்றி பெற்றதைத் தாம் கேள்விப்பட்டதில்லை என்பதையும், அவருடைய நிலை ஆபத்தானது என்பதையும் மெக்டவல் கிராஃபோர்டிடம் மறைக்கவில்லை. இதனை ஒரு சோதனை என்றே அறிக்கை குறிப்பிடுகிறது. கிராஃபோர்டு இசைந்தார். டான்வில்லுக்கு வந்தால் மட்டுமே அறுவை என்பது மருத்துவரின் நிபந்தனை. இடைப்பட்ட தொலைவு அறுபது மைல். குளிர்காலத்தில் அவர் குதிரைமீதேறிச் சில நாள்களில் அங்குச் சென்று சேர்ந்தார். கட்டியைச் சேணத்தின் முன்கொம்பில் தாங்கிவந்ததால் வயிற்றுச் சுவர் கன்றிப்போயிருந்ததை மெக்டவல் பதிவுசெய்துள்ளார். கிராஃபோர்டு பட்ட துன்பத்திற்கு அறிக்கையில் உள்ள மிகத் தெளிவான சான்று இக்கன்றல் ஒன்றே.

ஈதர் மயக்க மருந்து பாஸ்டனில் பொதுவில் செய்து காட்டப்பட்டது 1846இல். எனவே 1809இல் கிராஃபோர்டு நினைவோடுதான் மேசைமீது கிடந்தார். ஒன்பது அங்குல நீளத்திற்கு வயிறு திறக்கப்பட்டதும் குடல் வெளியே சரிந்தது. அறுவை முடியும்வரை அதனை உள்ளே வைக்க இயலவில்லை. சுமார் 25 நிமிடங்களில் 15 பவுண்டு கூழ்ப்பொருளும் ஏழரைப் பவுண்டு எடையுள்ள பையும் அகற்றப்பட்டன. ஐந்தாம் நாள் மருத்துவர் சென்றபோது, கிராஃபோர்டு தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தார். 25 நாள்களில் வீடு திரும்பிய அவர் 1842 வரை வாழ்ந்தார்.

அறுவை நடந்தது கிறிஸ்துமஸ் நாளில் என்றும், மருத்துவரைத் தூக்கிலிடக் கயிற்றுடன் ஒரு கூட்டம் வெளியே காத்திருந்தது என்றும் பின்னாளில் கதைகள் வழங்கின. 1817 அறிக்கை மாதத்தை மட்டுமே சொல்கிறது. கூட்டம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இக்கதைகள் உயிருக்கு அஞ்சாதவராக மருத்துவரை முன்னிறுத்துகின்றன. உயிரைப் பணயம் வைத்தவர் கிராஃபோர்டு என்பது அதனால் மறைகிறது.

பெயரில்லாத இருவர்

அடுத்த இரு நிகழ்வுகளிலும் நோயாளிகள் கறுப்பினப் பெண்கள். இருவரின் பெயரும் இல்லை. கென்டக்கியில் அப்போது அடிமைமுறை சட்டப்படி நிலவியது. இரண்டாமவரின் கட்டி அசையாமல் ஒட்டியிருந்ததால் மெக்டவல் அறுவையைப் பரிந்துரைக்கவில்லை. பாதரச மருந்து மூன்று நான்கு மாதங்கள் தரப்பட்டது. வலி ஓரளவு தணிந்தும் வழக்கமான வேலைகளை அவரால் செய்ய இயலவில்லை. அப்பெண்ணின் துயர நிலையோடு, அவருடைய எசமானரின் வற்புறுத்தலையும் அறுவைக்கு இசைந்த காரணமாக மருத்துவர் எழுதுகிறார். கட்டியை அகற்றினால் உடனே இறந்துவிடுவார் என்று எண்ணியவர், சோதனையாக அதனுள் கத்தியைச் செலுத்தினார். அப்பெண் பிழைத்தார். மூன்றாமவர் 1816 மே மாதம் தொலைவிலிருந்து அழைத்துவரப்பட்டார். ஆறு பவுண்டு சினைப்பை அகற்றப்பட்டது.

வினைச்சொற்களே இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கவை. கிராஃபோர்டு இசைகிறார், பயணம் செய்கிறார். இரண்டாமவருக்காக எசமானர் வேண்டுகிறார். மூன்றாமவர் கொண்டுவரப்படுகிறார். நலமடைந்ததற்கான அளவுகோலும் வேறுபடுகிறது. கிராஃபோர்டு உடல்நலத்துடன் வீடு திரும்புகிறார். மற்ற இருவரும் வேலைக்குத் திரும்புகின்றனர். மூன்றாமவர் பெரிய குடும்பம் ஒன்றின் கடினமான சமையல் பணியை முறையீடின்றிச் செய்கிறார் என்பதே அவரைப் பற்றிய இறுதிக் குறிப்பு. இருவரும் சிகிச்சையை விரும்பியிருக்கலாம், வலி பொதுவானது. ஆனால் அவர்கள் மறுத்திருந்தால் அம்மறுப்புக்கு இடமிருந்ததா என்பதற்கு அறிக்கையில் சான்று இல்லை.

இலண்டனின் எதிர்வினை

இலண்டன் மருத்துவ இதழாசிரியர் ஜேம்ஸ் ஜான்சன் இச்செய்தியை ஐயுற்றார். ஒருவரைத் தவிர அறுவைக்குள்ளானோர் அனைவரும் கறுப்பினத்தவர் என்றும், நாய்களையும் முயல்களையும் போல அவர்கள் கத்தியைத் தாங்குவர் என்றும், ஆதலால் வியப்பதற்கு அதிகமில்லை என்றும் எழுதினார். 1820களில் மேலும் சான்றுகள் கிடைத்தபின் தம் ஐயத்திற்காகக் கடவுளிடமும் டான்வில் மருத்துவரிடமும் அவர் மன்னிப்புக் கோரினார். அப்பெண்கள் அம்மன்னிப்பில் இடம்பெறவில்லை.

காணும் கருவி

1958இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டு, ஜான் மக்விகர், டாம் பிரவுன் ஆகியோர் மிகையொலியால் வயிற்றுக் கட்டிகளை ஆராய்ந்த கட்டுரையை லான்செட் இதழில் வெளியிட்டனர். அதில் ஒரு பெண்ணுக்கு அறுவைக்கு அடங்காத இரைப்பைப் புற்றுநோய் என முன்பே முடிவுகட்டப்பட்டிருந்தது. மிகையொலி காட்டியது நீர்க்கட்டியை. அது அகற்றப்பட்டு அவர் பிழைத்தார். கிராஃபோர்டுக்கு 149 ஆண்டுகளுக்குப் பின்னரும் பருத்த வயிற்றைத் தவறாகப் பொருள்கொள்வது தொடர்ந்ததையும், உள்ளே காணும் வழி கிடைத்தபோது ஓர் உயிர் மீண்டதையும் இந்நிகழ்வு ஒருங்கே காட்டுகிறது.

முடிவுரை

சினைப்பை அறுவையின் தொடக்க வரலாறு ஒரு மருத்துவரின் சாதனை மட்டுமன்று. மூன்று பெண்களின் உடல்மீது எழுதப்பட்ட வரலாறு. அவர்களுள் ஒருவருக்கே தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்ததை அறிக்கை உறுதியாகக் காட்டுகிறது. மருத்துவ ஆவணங்களை ஆராய்வோர் நோயின் பெயர், கட்டியின் எடை, சிகிச்சையின் விளைவு ஆகியவற்றோடு, வலியை முதலில் சொன்னவர் யார், சிகிச்சையைக் கேட்டவர் யார், இசைவு தந்தவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். பெயரற்ற அவ்விருவரின் குரலை மீட்க இன்று வழியில்லை. அக்குரல் பதிவாகாமல் போனதைப் பதிவுசெய்வது ஆய்வாளரின் கடமையாகும்.