ஊட்டிக் காளை, தோவாளைப் பசு

நாஞ்சில் நாட்டில் தோவாளை, பூதப்பாண்டி, சுசீந்திரம் பக்கம் இரண்டு மூன்று பசு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள் தங்கள் கன்றுகளின் தகப்பனை ஒருநாளும் பார்ப்பதில்லை. அவன் ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால், பெரும்பாலும் ஊட்டியில் உள்ள அரசு ஜெர்சி பொலிகாளைப் பண்ணையில், இல்லாவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் ஈச்சங்கோட்டையில் நிற்கிறான். நாஞ்சில் நாட்டுக்கு வந்து சேருவது அவனுடைய கால் மில்லி மட்டும். பேனா ரீஃபில் போல மெலிந்த ஒரு பிளாஸ்டிக் குச்சி. அதற்குள் சுமார் இரண்டு கோடி உயிரணுக்கள்.

ஒரு காலத்தில் இந்தக் காரியம் ஊருக்குள்ளேயே முடிந்தது. பசு கத்தினால் கோயில் காளையிடமோ பக்கத்து வீட்டுக் காளையிடமோ கொண்டு போவார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு போகம் சேற்றில் உழுத பூமி இது. காளையைப் பார்த்தவர்கள் திமிலைப் பார்த்தார்கள், குளம்பைப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள். பிறக்கிற கன்று ஏருக்கு ஆகுமா என்பதுதான் கேள்வி. பால் அதன்பின் வந்த கணக்கு. டிராக்டர் வந்ததும் அந்தக் கேள்வி செத்தது. காளையும் தொழுவத்தை விட்டுப் போனது. மூன்று பசுவுக்காக ஒரு காளைக்கு வருடம் முழுக்க வைக்கோலும் புண்ணாக்கும் போட யாருக்குக் கட்டும்?

காளை இல்லாமல் கன்று என்பதை இந்தியாவில் முதலில் செய்து காட்டியது மைசூர் அரண்மனைப் பால் பண்ணை. 1939-இல் டாக்டர் சம்பத் குமரன் அங்கே சினை ஊசி போட்டார். அன்றைய விந்து ஓரிரு நாளில் கெட்டுவிடும், தூரம் போகாது. 1949-இல் இங்கிலாந்தில் கிறிஸ் போல்ஜும் கூட்டாளிகளும் கிளிசரின் கலந்தால் உயிரணு உறைபனியிலும் பிழைக்கிறது என்று கண்டார்கள். அவர்கள் சோதித்தது சேவலின் விந்தை. மாட்டுக்கு அது சில வருடத்தில் வந்து சேர்ந்தது. ஊட்டிக் காளை தோவாளைக்கு வர முடிகிறதென்றால் அந்தச் சேவலுக்கும் ஒரு பங்கு உண்டு.

பண்ணையில் காளையின் அழகுக்கு மதிப்பெண் குறைவு. அதன் தாய் எத்தனை லிட்டர் கறந்தது, எத்தனை கொழுப்பு என்பதுதான் நுழைவுச் சீட்டு. காசநோய், ஜோனிஸ் நோய், கன்று வீச வைக்கும் புரூசெல்லா எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு. குறித்த நாளில் கட்டிப்போட்ட இன்னொரு காளையின் மேல் அதை ஏறவிட்டு, வெந்நீர் நிரப்பிய ரப்பர் உறையில் விந்தைப் பிடிக்கிறார்கள். கிடைப்பது ஐந்து மில்லி அளவு. நுண்ணோக்கியில் ஓட்டம் பார்த்து, முட்டை மஞ்சள்கருவும் கிளிசரினும் சேர்ந்த கரைசலில் கலக்கினால் இருநூறு, முந்நூறு குச்சி தேறும். ஒவ்வொன்றின் மேலும் காளையின் எண், இனம், நிலையம், தேதி அச்சாகிறது. சில மணி நேரம் குளிரவைத்து, நைட்ரஜன் ஆவியில் உறையவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவத்துக்குள் இறக்குகிறார்கள். அந்தக் குளிரில் குச்சிக்கு வயது ஏறாது. காளை செத்து வருடங்கள் ஆன பிறகும் அதற்குப் பிள்ளை பிறக்கும்.

அங்கிருந்து குச்சி பெரிய கேன்களில் மலை இறங்கி, ஆரல்வாய்மொழிக் காற்றைக் கடந்து மாவட்டக் கிடங்குக்கும், அங்கிருந்து மாட்டாஸ்பத்திரிகளுக்கும் போகிறது. கடைசி ஓட்டம் மூன்று லிட்டர் கேனில், மோட்டார் சைக்கிளில். வழியெல்லாம் ஒரே எதிரி வெப்பம். நைட்ரஜன் வற்றவிட்டாலோ, வேறொரு குச்சியைத் தேடும்போது இதைக் கேனின் கழுத்துக்கு மேலே சில விநாடி கூடுதலாகத் தூக்கிப் பிடித்தாலோ உள்ளே உள்ளது செத்துப்போகும். வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. மாடு சினை நிற்கவில்லை என்றால் மாட்டைத்தான் திட்டுவோம்.

காலையில் கத்தின மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி. வழும்பு கண்ணாடியாக ஒழுகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குச்சியை இடுக்கியால் எடுத்து 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, ஈரம் போகத் துடைத்து, நுனியை வெட்டி, துப்பாக்கி என்று அவர்கள் சொல்லும் கம்பியில் ஏற்றுகிறார்கள். ஒரு கை ஆசனவாய் வழியே போய்க் கருப்பை வாயைப் பிடிக்க, மறு கை கம்பியைச் செலுத்துகிறது. ஐந்து நிமிட வேலை. பூதப்பாண்டி பக்கம் ஒரு தொழுவத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்குள் காதில் விழுந்தது:

"சார், போன தடவை போட்ட காளைதானா இதுவும்?"

"ஜெர்சி கிராஸ்தான் அக்கா."

"இனத்தைக் கேக்கல சார். காளை நம்பரைக் கேக்கேன்."

அந்த அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. இரண்டு பசு உள்ள வீட்டில், அம்மாவுக்குப் போட்ட அதே காளை மூன்று வருடம் கழித்து மகளுக்கும் வந்துவிடலாம். காளை கண்முன் நின்றால் யாரும் விடமாட்டார்கள். குச்சியாக வரும்போது யாருக்கும் உறைப்பதில்லை. எண்ணைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிவைத்தாலே போதும். கலப்பினப் பசுவுக்குச் சுத்த ஜெர்சியைத் திரும்பத் திரும்பப் போட்டால் சீமை ரத்தம் முக்கால் பங்குக்கு ஏறி, வெயிலுக்கு மூச்சு வாங்கும். கலப்பினக் காளையே அதற்குப் பொருத்தம். குட்டை நாட்டுப் பசுவுக்குப் பெரிய உடம்புக்கார ஃப்ரீசியனைப் போட்டால் கன்று பாதியில் சிக்கும். வாசலில் நின்றபடி நாம் செய்யக்கூடிய தேர்வு இவ்வளவும் இருக்க, பெரும்பாலோர் "நல்லதாப் போடுங்க" என்பதோடு விட்டுவிடுகிறோம்.

இதில் ஊர் எல்லையும் கலந்திருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சி மண். தமிழகத்துப் பக்கம் பிரிந்து ஏழு வருடம் கழித்து, 1963-இல், கேரளம் மாட்டுப்பட்டியில் சுவிட்சர்லாந்தோடு சேர்ந்து பிரௌன் சுவிஸ் காளைகளை இறக்கிச் சுனந்தினி என்ற இனத்தை உண்டாக்கியது. எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஜெர்சி வழி. மொழியை வைத்துப் போட்ட கோடு மாட்டின் வம்சத்தையும் இரண்டாக்கியது.

காளையின் எண்ணுக்கும் வம்சத்துக்கும் இத்தனை மதிப்பு வந்த கதை இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் மாட்டிலிருந்து தொடங்குகிறது. 1810-இல் சார்லஸ் காலிங் நடத்திய ஏலத்தில் காமெட் என்ற ஷார்ட்ஹார்ன் காளை ஆயிரம் கினிக்குப் போனது. 1822-இல் ஜார்ஜ் கோட்ஸ் அந்த இனத்துக்கு வம்சப் பதிவேடு அச்சிட்டார். மாட்டினங்களுக்கான பதிவேடுகளில் அதுதான் முதல். பாலும் இறைச்சியும் ஒரே மாட்டிடம் கேட்டவர்கள் ஷார்ட்ஹார்ன் வளர்த்தவர்கள். அந்த ரத்தம் 19-ஆம் நூற்றாண்டில் பாட்னா வரை வந்து, டெய்லர் என்ற பெயரில் ஒரு கலப்பாக நின்றது.

நாஞ்சில் நாட்டில் இறைச்சிக்கென்று யாரும் காளை பார்ப்பதில்லை. ஆனால் பிறப்பதில் பாதி காளங்கன்று. உழவும் இல்லை, வண்டியும் இல்லை. பால் குடியை மறந்ததும் விலை பேசிவிடுவார்கள். மார்த்தாண்டம் பக்கத்து பீஃப் கடைக்கும் களியக்காவிளை தாண்டிப் போகிற லாரிக்கும் சரக்கு இந்தப் பால் மாட்டின் மிச்சம்தான். இப்போது ஊட்டியிலேயே பாலினம் பிரித்த குச்சி தயாராகிறது. பத்துக்கு ஒன்பது கிடேரி. விலை கூடுதல், சினை பிடிப்பதும் கொஞ்சம் குறைவு. அது ஊர் ஊராகப் பரவினால் காளங்கன்று அரிதாகும். பால்காரருக்கு லாபம். கறிக்கடைக்காரர் மாட்டுக்கு வேறு பக்கம் பார்க்க வேண்டியிருக்கும்.