பைலாவுக்கு இறங்கியவர்கள்

1991இல் மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழு தன் பாணியை மாற்றியது. 1988இல் வந்த முந்தைய ஆல்பத்தில் ஒன்பது நிமிடம் தாண்டும் பாட்டுகள் இருந்தன. புதியதில் வேகம் குறைந்தது, பாட்டுகள் சுருங்கின. காசுக்காகக் கொள்கையை விட்டுவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் பலர் கோபித்தார்கள். ஆனால் அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடி 60 லட்சத்துக்கு மேல் விற்றது.

மெட்டல் கேட்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும். நம் நாட்டில் சுமார் இருபது வருடம் முன்பே இப்படி ஒரு துணிச்சலான மாற்றம் நடந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

2021இல் காலமான சுனில் பெரேராவின் ஜிப்சீஸ் குழு ஆங்கிலப் பாட்டில் தொடங்கிய குழு. 1970களில் அவர்கள் சிங்களப் பைலாவுக்கு வந்தார்கள். இதில் என்ன துணிச்சல் என்று இன்று கேட்கலாம். அன்றைய கொழும்பில் ஆங்கிலப் பாட்டுக்கு மரியாதை இருந்தது. பைலாவைக் குடிகாரர் கூத்து என்று தள்ளிவைத்தவர்கள் பலர்.

அந்தப் பைலா யாருடையது? சொல் போர்த்துக்கேயம், ஆடுவது என்று அர்த்தம். போர்த்துக்கேயர் இங்கே வந்தது 1505இல். புத்தளம் சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்களின் மஞ்சா இசை அதற்கு நெருங்கிய சொந்தம். அதைச் சிங்களத்தில் பிரபலமாக்கிய வொலி பாஸ்டியன் பொலிஸில் வேலை பார்த்தவர். பைலாவை ஒரே இனத்துக்கு எழுதிக் கொடுக்க வரலாற்றில் இடமில்லை.

தமிழ் பேசும் நாமும் அதில் பங்காளிகள். அன்று நம் வீடுகளில் சினிமாப் பாட்டு, நாகூர் ஹனிபா பாட்டு. மேடையில் கர்நாடக சங்கீதம். அந்த நேரத்தில் நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு வந்து 'சின்ன மாமியே' பாடினார். பேச்சுத் தமிழ், துள்ளும் தாளம். ஏ.ஈ. மனோகரன் இன்னும் ஒரு படி போனார். 'சுராங்கனி'யைச் சிங்களப் பல்லவியோடு தமிழ் மேடைகளில் பாடினார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்து, மொழியே சண்டையாகிப் போன நாட்டில் அது சின்ன விசயமில்லை.

1977இல் இளையராஜா 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் அந்தப் பாட்டை எடுத்தார். மலேசியா வாசுதேவன் குரலில் தமிழ்நாடே சிங்கள வார்த்தைகளைப் பாடியது. அதே 1977 ஓகஸ்டில் இங்கே தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஆறு வருடத்தில் 1983 ஜூலை வந்தது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் பார்த்ததை இங்கே நாம் விரித்து எழுதத் தேவையில்லை.

பாட்டு கலவரத்தை நிறுத்தவில்லை. அப்படிச் சொன்னால் பொய். ஆனால் கலவரமும் பாட்டை நிறுத்தவில்லை. இன்றும் இந்த ஊர்க் கலியாணங்களில் கடைசியில் 'சுராங்கனி' தொடங்கினால், யாருடைய மொழி என்று கேட்காமல் கதிரையை விட்டு எழும்புகிறோம்.

மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். பாடப்புத்தகத்தில் சட்டங்களுக்கும் கலவரங்களுக்கும் வருடம் படிக்கிறோம். இந்தப் பாட்டுக்காரர்களின் வருடங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். உங்கள் வாப்பா, அப்பா, அப்பம்மாவிடம் முதன்முதலில் 'சுராங்கனி' எங்கே கேட்டார்கள் என்று கேட்டு, கீழே எழுதுங்கள்.